நுரையீரல் புற்றுநோய்க்கான தாவரவழி மருந்துகள்

நுரையீரல் புற்றுநோய்க்கான தாவரவழி மருந்துகள் என்பவை, தாவரங்களின் இலை, பட்டை, வேர் முதலிய பகுதிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வேதிச்சேர்மங்களையோ, அச்சேர்மங்களை ஆய்வகத்தில் மாற்றியமைத்துப் பெறப்பட்ட சேர்மங்களையோ கொண்டு தயாரிக்கப்படும் மருந்துகள் ஆகும். வினோரெல்பின், பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், எட்டோபோசைடு, டோபோடெகான், இரினோடெகான் ஆகிய ஆறும் இவற்றுள் முதன்மையானவை. இவை உலகெங்கும் மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுத்தப்படுகின்றன.

இம்மருந்துகளுக்கு மூலமான தாவரங்கள் எல்லாம் நச்சுத் தன்மை உடையவை. அவற்றின் நஞ்சே, தூய்மையாகப் பிரிக்கப்பட்டு, அளவு கணக்கிடப்பட்டு, நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட பிறகு மருந்தாகிறது. எனவே தாவரம் வேறு, அதிலிருந்து பெறப்படும் மருந்து வேறு என்ற தெளிவு நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் மிகவும் தேவை.

நோயின் வகைகள்

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். புற்றுநோய் இறப்புகளில் முதலிடம் இதற்கே உரியது. பீடி, சிகரெட் புகை முதன்மைக் காரணம். விறகடுப்புப் புகை, கல்நார்த் தூசு, மாசடைந்த காற்று ஆகியவையும் காரணமாகின்றன. புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

நுரையீரல் புற்றுநோய் இரு பெரும் வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு வருவது சிறுசெல் அல்லாத வகை. மீதமுள்ளோருக்கு வருவது, விரைவாகப் பரவும் சிறுசெல் வகை. எந்த வகை என்பது திசுப் பரிசோதனையால் மட்டுமே உறுதி செய்யப்படும். இரண்டுக்கும் மருந்துகள் வேறு வேறு.

நித்தியகல்யாணி

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர் பொம்மையார்பாளையம். இத்தகைய கடலோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில், நீர் ஊற்றாமலேயே வளர்ந்து ஆண்டு முழுவதும் பூப்பது நித்தியகல்யாணி. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் இச்செடிக்குப் பட்டிப்பூ, சுடுகாட்டு மல்லிகை என்ற பெயர்களும் உண்டு. இதன் அறிவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஆடு மாடுகள் பொதுவாக இதை மேய்வதில்லை. இச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன.

இதன் இலைக் கசாயம் நீரிழிவைக் குறைக்கும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருந்தது. 1952-இல் ஜமைக்காவிலிருந்து மருத்துவர் ஒருவர் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு இச்செடியின் இலைகளை அனுப்பினார். அவர் அவற்றைத் தம் சகோதரரும் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளருமான இராபர்ட் நோபிளிடம் சேர்த்தார். இலைச்சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசி மூலம் சாறு செலுத்தப்பட்ட எலிகள் சில நாட்களில் நோய்த்தொற்றால் இறந்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோயைத் தடுக்கக்கூடும் என்று நோபிள் கருதினார். அவருடன் பணியாற்றிய வேதியியலாளர் சார்லஸ் பீர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். வின்பிளாஸ்டின் எனப் பின்னர் பெயர்பெற்ற அச்சேர்மம் குறித்த செய்தி 1958-இல் வெளியானது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் சுவோபோடா குழுவினரும் இச்செடியை ஆராய்ந்து வந்தனர். அங்குப் பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கும் மற்ற இரு மருந்துகளுடன் சேர்த்து வின்கிரிஸ்டின் நெடுங்காலம் வழங்கப்பட்டது.

செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்களை நுண்குழல்கள் என்னும் மெல்லிய இழைகள் இரு புறமும் இழுக்கின்றன. தேரை இழுக்க வடம் வேண்டியிருப்பதைப் போன்றது இது. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகள் அந்த வடத்தைத் திரிக்கவே விடுவதில்லை. செல் பிரிய முடியாமல் அழிகிறது. வேகமாகப் பிரியும் புற்றுசெல்லுக்கு இதனால் பாதிப்பு அதிகம். ஆனால் எலும்பு மஜ்ஜை செல்கள், முடி வேர்கள், குடல் உட்சுவர் ஆகியவையும் வேகமாகப் பிரிபவை. வேதிச்சிகிச்சையின்போது வெள்ளையணுக்கள் குறைவதும், முடி கொட்டுவதும், வயிறு கெடுவதும் இதனால்தான். நரம்புகளும் நுண்குழல்களை நம்பியிருப்பதால் கை கால் மரத்துப்போவதும் உண்டு.

வினோரெல்பின்

பிரான்சு நாட்டு வேதியியலாளர் பியேர் பொத்தியே, நித்தியகல்யாணியில் மிகுதியாகக் கிடைக்கும் கேதரந்தின், வின்டோலின் என்னும் இரு சிறிய ஆல்கலாய்டுகளை ஆய்வகத்தில் இணைத்துப் புதிய சேர்மங்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றே வினோரெல்பின். இது 1989-இல் பிரான்சிலும் 1994-இல் அமெரிக்காவிலும் சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது.

இம்மருந்தின் பயன் எண்களால் அறியப்பட்டது. 1999-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நோய் முற்றிய 70 வயதைக் கடந்த நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். வலி நீக்கம் முதலிய ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 21 வாரம். வினோரெல்பினும் பெற்றவர்களுக்கு அது 28 வாரம். அறுவை சிகிச்சையால் கட்டி முழுமையாக அகற்றப்பட்ட 482 பேரிடம் நடந்த வட அமெரிக்க ஆய்வின் முடிவு 2005-இல் வெளியானது. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 54 விழுக்காட்டினர் 5 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டினுடன் வினோரெல்பினும் பெற்றவர்களில் இது 69 விழுக்காடு. முற்றிய நிலையில் சில வாரங்களைக் கூட்டிய அதே மருந்து, தொடக்க நிலையில் 5 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருப்பவர்களின் விழுக்காட்டைக் கூட்டியது. நோய் கண்டறியப்படும் காலமும் முக்கியம்.

யூ மரம்

1962-இல் அமெரிக்க அரசின் தாவரச் சேகரிப்புத் திட்டத்தின்கீழ், வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டை சேகரிக்கப்பட்டது. மன்ரோ வால், மகாராட்டிர மாநிலம் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானி ஆகிய இருவரும் அதிலிருந்த பாக்ளிடாக்சலைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். அது செயல்படும் முறையை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். நித்தியகல்யாணி வடத்தைத் திரிக்க விடுவதில்லை. பாக்ளிடாக்சல், திரித்த வடத்தைப் பிரிய விடுவதில்லை. இரண்டு வழியிலும் செல் பிரிதல் நின்றுவிடுகிறது.

ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10 டன் பட்டை தேவைப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். எனவே ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் உள்ள வேறொரு சேர்மத்திலிருந்து மருந்தைத் தயாரிக்கும் முறை உருவானது. இலைகள் மீண்டும் துளிர்ப்பதால் மரம் காப்பாற்றப்பட்டது. இம்முயற்சியில் பொத்தியே குழுவினர் கண்ட மற்றொரு மருந்து டோசிடாக்சல். கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் சேர்ந்த சிகிச்சை, சிறுசெல் அல்லாத வகைக்கு இன்றும் வழக்கத்தில் உள்ளது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளும் பல நேரங்களில் இவற்றுடன் சேர்த்தே தரப்படுகின்றன.

கேம்ப்டோதெசின்

சீனாவின் கேம்ப்டோதெக்கா மரத்திலிருந்து கேம்ப்டோதெசினை 1966-இல் பிரித்தவர்களும் வால், வானி குழுவினரே. இச்சேர்மத்துக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்த தி. இரா. கோவிந்தாச்சாரி, பின்னர் மும்பையில் ஆய்வு மைய இயக்குநராகப் பணியாற்றினார். அவரும் என். விசுவநாதனும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நோத்தபோடைட்டஸ் நிம்மோனியானா என்னும் சிறு மரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972-இல் அறிவித்தனர். அன்று அம்மரம் மாப்பியா ஃபீட்டிடா என்ற பெயரால் அறியப்பட்டது. உலகின் கேம்ப்டோதெசின் தேவைக்கு இந்திய மரம் முக்கிய மூலமானது இதன் பிறகே.

தொடக்கத்தில் இச்சேர்மம் தோல்வியையே சந்தித்தது. 1970-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவும் எலும்பு மஜ்ஜைப் பாதிப்பும் கடுமையாக ஏற்பட்டதால் சோதனை நிறுத்தப்பட்டது. டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்த, டோபோஐசோமரேஸ் என்னும் நொதி இழையை வெட்டி மீண்டும் ஒட்டுகிறது. வெட்டிய இழையை ஒட்டவிடாமல் கேம்ப்டோதெசின் தடுக்கிறது என்பது 1985-இல் தெரியவந்தது. அதன் பிறகு மூலக்கூற்றை மாற்றியமைத்து, நீரில் கரையக்கூடிய டோபோடெகான், இரினோடெகான் ஆகியவை உருவாக்கப்பட்டன. சிறுசெல் வகை நோய் மீண்டும் தலைதூக்கிய 141 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 13.9 வாரமாக இருக்க, டோபோடெகான் மாத்திரையும் பெற்றவர்களுக்கு அது 25.9 வாரமாக இருந்தது.

எட்டோபோசைடு

இமயமலைச் சரிவுகளில் வளரும் போடோபில்லம் செடியின் வேர்த்தண்டிலும், அதன் வட அமெரிக்க இனத்திலும் போடோபில்லோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அதன் பிசின் மருவை நீக்கத் தோலின் மேல் பூசப்பட்டு வந்தது. உள்ளுக்குக் கொடுக்க இயலாத அளவு கடுமையான இந்நஞ்சை, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஆய்வாளர்கள் 1966-இல் மாற்றியமைத்து எட்டோபோசைடை உருவாக்கினர். சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு எட்டோபோசைடும் ஒரு பிளாட்டின மருந்தும் சேர்ந்த சிகிச்சையே 1980-களிலிருந்து அடிப்படையாக உள்ளது.

சோதனைக் குழாயும் நோயாளியும்

மேற்கண்ட மருந்துகளைப் போல் வெற்றி பெறாத தாவரச் சேர்மங்கள் ஏராளம். மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வகத் தட்டில் வளர்க்கப்பட்ட நுரையீரல் புற்றுசெல்களைக் குர்குமின் கொல்கிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் உண்ணும் குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததும் விரைவில் சிதைந்துவிடுகிறது. 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் கருத்தில் கொண்டு 2017-இல் வெளியான மறுஆய்வு, முறையாக ஒப்பிட்டு நடத்தப்பட்ட எந்தச் சோதனையிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று கூறியது. மஞ்சள் நல்ல சமையல் பொருள் என்பதில் இதனால் மாற்றமில்லை. அது புற்றுநோய் மருந்தாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே செய்தி.

பீட்டா கரோட்டின் கதை இன்னும் எச்சரிக்கையானது. காரட், கீரை, மாம்பழம் முதலியவற்றில் உள்ள நிறமி இது. காய்கனி மிகுதியாக உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், இந்த நிறமியை மாத்திரையாகக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்லாந்தில் புகைப்பழக்கம் உள்ள 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் கொடுத்து நடத்தப்பட்ட சோதனை, இதே காரணத்தால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அங்கு நோய் 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் கூடியிருந்தன. உணவில் உள்ள அளவால் தீங்கில்லை. செறிவூட்டிய மாத்திரையே புகைப்பவர்களுக்குத் தீங்காயிற்று. இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

இலையை உண்டால் மருந்தாகாதா?

வாசலில் பூக்கும் செடியில் புற்றுநோய் மருந்து இருக்கும்போது, இலையைக் கசாயமாக்கிக் குடித்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. அப்படிச் செய்யக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, அளவு. ஒரு கிராம் வின்கிரிஸ்டினைப் பெறப் பல நூறு கிலோ உலர்ந்த இலை தேவை. மண், பருவம், செடியின் வயது ஆகியவற்றுக்கு ஏற்ப இலையில் உள்ள அளவு மாறும். மருத்துவமனையிலோ உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு மில்லிகிராம் அளவில் மருந்து தரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்து வெள்ளையணுக்கள் போதிய அளவு உள்ளனவா என்று பார்த்த பிறகே ஊசி போடப்படுகிறது.

இரண்டாவது, கலவை. இலையில் நோய்க்கு உதவாத பல ஆல்கலாய்டுகளும் உள்ளன. அவை இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். இந்த இலைக் கசாயத்தைக் குடித்து எலும்பு மஜ்ஜை கடுமையாகப் பாதிக்கப்பட்ட நோயாளியைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் 2004-இல் பதிவு செய்துள்ளனர். மேலும், நித்தியகல்யாணியிலிருந்து நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று தரப்படும் வினோரெல்பின், செடியில் இருப்பதே அல்ல, ஆய்வகத்தில் உருவானது.

மூன்றாவது, மருந்துகளுக்கு இடையிலான மோதல். பல வேதிச்சிகிச்சை மருந்துகளைக் கல்லீரல் நொதிகள் சிதைக்கின்றன. சில மூலிகைகள் அந்நொதிகளின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். மனச்சோர்வுக்காக மேல்நாடுகளில் உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை, இரினோடெகானிலிருந்து உடலில் உருவாகும் செயல்படு பொருளின் அளவை 42 விழுக்காடு குறைத்தது என 2002-இல் கண்டறியப்பட்டது. அதாவது சிகிச்சையின் பலன் நோயாளி அறியாமலேயே குறைந்துபோகிறது. மிளகில் உள்ள பைப்பரின், மாறாக, நொதியின் வேகத்தைக் குறைக்கக்கூடியது. இரசத்தில் உள்ள மிளகால் கவலையில்லை. செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றியே எச்சரிக்கை தேவை.

சித்த மருத்துவ மரபிலும் நச்சு மூலிகைகளை நேரடியாக உண்ணச் சொல்வதில்லை. சேராங்கொட்டை போன்றவை சுத்தி செய்யப்பட்ட பின்னரே, அளவும் பத்தியமும் வகுத்துக் கொடுக்கப்படுகின்றன. கைவைத்தியமாகக் காதில் விழுந்ததைச் செய்து பார்ப்பது எந்த மருத்துவ முறைக்கும் உடன்பாடானது அல்ல.

பயிரும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நித்தியகல்யாணி மானாவாரிப் பயிராக வளர்க்கப்படுகிறது. விதைத்த 6-ஆம், 9-ஆம் மாதங்களில் இலை பறிக்கப்படும். ஓராண்டில் செடி வேருடன் பிடுங்கப்படும். இலையிலிருந்து புற்றுநோய் ஆல்கலாய்டுகளும், வேரிலிருந்து இரத்த ஓட்டத்துக்கான அஜ்மாலிசினும் எடுக்கப்படுகின்றன.

களையாகவும் வளரும் நித்தியகல்யாணிக்கு அழிவு அச்சம் இல்லை. மலைத் தாவரங்களின் நிலை வேறு. இமயமலைப் போடோபில்லம், இமயமலை யூ மரம் ஆகிய இரண்டும் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேம்ப்டோதெசின் மரமும் பெருமளவில் வெட்டப்பட்டுக் குறைந்துவிட்டது. இதற்கு மாற்று வழியாக, மரபணு மாற்றிய ஈஸ்டில் வின்டோலினையும் கேதரந்தினையும் உருவாக்கி, அவற்றை இணைத்து வின்பிளாஸ்டின் பெறும் முறையை ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டனர்.

நோயாளிகள் கருத்தில் கொள்ள வேண்டியவை

பரவாத நிலையில் உள்ள புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளியானது. முறையான சிகிச்சை பெற்றவர்களுடன் ஒப்பிட, இவர்களில் நுரையீரல் புற்றுநோயாளிகள் இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. இவர்கள் இழந்தது, அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடிய காலத்தை.

இந்தியாவில் மற்றொரு வகையிலும் காலம் வீணாகிறது. நீடித்த இருமல், சளியில் இரத்தம், எடைக் குறைவு ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொதுவான அறிகுறிகள். காசநோய் மருந்து தொடங்கியும் நலம் கிட்டாதபோது புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், குரல் கம்மல், மூச்சுத் திணறல், தோள் அல்லது நெஞ்சு வலி இருந்தால், குறிப்பாகப் புகைப்பழக்கம் உள்ளவர்கள், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பொம்மையார்பாளையம், வானூர் பகுதி மக்களுக்கு அருகில் உள்ள பெரிய புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையம் ஆகும். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ளது. 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும்.

சிகிச்சை பெறும் ஒருவர் கசாயம், சூரணம், சத்து மாத்திரை எதையேனும் உண்டு வந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்ற தயக்கத்தில் பலர் சொல்வதில்லை. எதை உண்கிறார் என்று தெரிந்தால்தான் மருந்தின் அளவையும் நாளையும் மருத்துவர் சரியாக முடிவு செய்ய முடியும்.